காவிப் பெறுமானச் சார்புகளின் எல்-பி வெளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, ராகலைப் பக்கத்திலிருந்து பேராதனைக்குக் கணிதம் படிக்கப் போகிற பிள்ளைகளில் சிலர், பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் தலைப்பில் சொன்ன இந்த வெளிகளில், அதாவது பொக்னர் வெளிகளில், வந்து முட்டிக்கொள்கிறார்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது, சந்தேகம் தமிழில் வருகிறது. வட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஓரிடத்தில் போட்டு வைக்கிறேன். லெபேக் தொகையீடும் பனாக் வெளியும் தெரிந்தவர்களுக்காக எழுதியது. அவை இன்னும் படிக்காதவர்கள் முதல் இரண்டு மூன்று பதில்களை மட்டும் வாசித்தாலும் நட்டமில்லை.

எழுத்துகள்: சார்பு எஃப், நேரம் டி, பெறுமானங்கள் கிடக்கும் பனாக் வெளி எக்ஸ். நேரம் எப்போதும் [0, 1] என்ற ஆயிடையில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். வேறு முடிவுள்ள அளவை வெளியானாலும் சொல்வதில் பெரிய மாற்றம் வராது.

சார்பின் பெறுமானம் எண்ணாக இருந்தால் போதாதா? ஏன் காவி?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் துகள் பனி விழுந்து கொழுந்து கருகுவது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு தேயிலைச் சரிவை எடுங்கள். அடிவாரம் 0, உச்சி 1. விடியற்காலை மூன்று மணிக்கு அந்தச் சரிவு எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. பாரமான குளிர்காற்று பள்ளத்துக்கு இறங்கும். அடியில் ஒரு வெப்பநிலை, நடுவில் இன்னொன்று, உச்சியில் வேறொன்று. மூன்று மணிக்கான பதிலே முழுச் சார்பு ஒன்று. நான்கு மணிக்கு இன்னொரு சார்பு. ஆக, அந்த இரவு என்பது நேரத்தை வாங்கிக்கொண்டு ஒரு சார்பைத் திருப்பித் தருகிற சார்பு. திருப்பித் தரப்படுவது ஒரு சார்பு வெளியின் உறுப்பு, அதாவது காவி.

அதை இரண்டு மாறிகளின் சார்பு என்று சொன்னால் முடிந்ததே?

சில வேளை முடிந்துவிடும். ஆனால் நேரத்துக்கும் இடத்துக்கும் ஒரே வேலை இல்லை. வெப்பச் சமன்பாட்டை எழுதினால் இடத்தில் இரண்டு பெறுதி, நேரத்தில் ஒன்று. ஆரம்ப நிலை நேரத்துக்கு, எல்லை நிலை இடத்துக்கு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தால், நமக்கு வேண்டிய தகவல்தான் முதலில் தொலையும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் இந்தப் பக்கம் முழுக்க ஓடும் சங்கதி: சார்பு ஒன்றே இருக்க, அதன் பெறுமானங்கள் எந்த வெளியில் இருக்கின்றன என்று நாம் வைத்துக்கொள்கிறோமோ அதற்கேற்ப அதன் குணமே மாறும். இரண்டு மாறிகளாக எழுதிவிட்டால் அந்த மாற்றம் கண்ணுக்குப் படாது.

சரி, வரைவிலக்கணம் என்ன?

ஒவ்வொரு டி-க்கும் ‖எஃப்(டி)‖ என்ற எக்ஸ்-நோர்மை எடுங்கள். இப்போது கையில் இருப்பது சாதாரண எண் சார்பு. அதன் பி-ஆம் அடுக்கைத் தொகையிட்டு, பி-ஆம் மூலம் எடுங்கள். அது முடிவுள்ளதாக இருந்தால் எஃப் என்பது எல்-பி(எக்ஸ்) வெளியில் இருக்கிறது. பி = ∞ என்றால் தொகையீட்டுக்குப் பதில் சார உச்சம், அதாவது பூச்சிய அளவையுள்ள தொடைகளைக் கழித்த பிறகு வரும் உச்சம். பூச்சிய அளவையுள்ள தொடையில் மட்டும் வேறுபடும் இரண்டு சார்புகளை ஒன்றாகவே எண்ணுகிறோம். எஃப் ‘வலிமையாக அளவிடத்தக்கதாக’ இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் உண்டு. பாதிப் பேர் வழுக்குவது அந்த இடத்தில்தான், கீழே வருகிறேன்.

இந்த வெளிகளுக்குப் பெயர் தந்தவர் சலோமொன் பொக்னர் (1899–1982). அவர் காவிப் பெறுமானச் சார்புகளுக்கான தொகையீட்டை 1933இல் வெளியிட்டார். லெபேக்கையும் சேர்த்து லெபேக்–பொக்னர் வெளி என்றும் சொல்வார்கள்.

உள்ளே ஒரு நோர்ம், வெளியே ஒரு நோர்ம். இரண்டையும் எப்படித் தெரிவு செய்வது?

எதை அளக்க ஆசைப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். கொழுந்துக்கு ஆபத்தான ஒரு வெப்பநிலையை வைத்து, அதற்கு எத்தனை பாகை கீழே போனது என்பதைக் ‘குறை’ என்போம். கீழே போகாத இடத்தில் குறை 0. இந்தக் கணக்கில் மட்டும் நேரத்தை மணித்தியாலத்தில் எண்ணுவோம்.

முதல் இரவு: முழுச் சரிவிலும் குறை 1 பாகை, 4 மணித்தியாலம் நீடித்தது. இரண்டாம் இரவு: சரிவின் பத்தில் ஒரு பங்கான பள்ளத்தில் மட்டும் குறை 5 பாகை, 2 மணித்தியாலம். மற்ற இடமெல்லாம் தப்பியது.

உள்ளே எல்-1, வெளியே எல்-1 எடுத்தால் முதல் இரவுக்கு 1 × 4 = 4. இரண்டாம் இரவுக்கு 0.5 × 2 = 1. முதல் இரவுதான் மோசம். உள்ளே உச்ச நோர்மும் வெளியே எல்-1உம் எடுத்தால் முதல் இரவு அதே 4, இரண்டாம் இரவு 5 × 2 = 10. இப்போது இரண்டாம் இரவு மோசம். உள்ளே எல்-1, வெளியே உச்சம் என்றால் 1க்கு 0.5. இரண்டிலும் உச்சம் என்றால் 1க்கு 5.

தோட்டம் முழுவதன் விளைச்சலைப் பார்க்கிற துரைக்கு உள்ளே எல்-1 பொருந்தும். பள்ளத்தில் மட்டும் தன் மரக்கறிப் பாத்தியை வைத்திருப்பவருக்கு உச்ச நோர்ம்தான் உண்மை பேசும். கணிதம் இந்தத் தெரிவை உங்களுக்காகச் செய்து தராது.

‘அளவிடத்தக்க’ என்பதில் என்ன சிக்கல்? எண் சார்புகளில் அது சிக்கலாகவே இருக்கவில்லையே.

எண் சார்பு ஒன்று அளவிடத்தக்கதா என்று பார்க்க ஒரே வழிதான், எல்லா வரைவிலக்கணங்களும் ஒன்றில் போய் முடியும். முடிவில்லாப் பரிமாண எக்ஸ்-இல் அவை பிரிகின்றன.

வலிமையான அளவிடத்தகைமை: முடிவுள்ள எண்ணிக்கையான பெறுமானங்களை மட்டும் எடுக்கிற எளிய சார்புகளின் தொடரி ஒன்று, பூச்சிய அளவையுள்ள ஒரு தொடைக்கு வெளியே எல்லா டி-யிலும் நோர்மில் எஃப்-ஐ நோக்கி ஒருங்க வேண்டும். நலிந்த அளவிடத்தகைமை: எக்ஸ்-இன் இருமை வெளியிலுள்ள ஒவ்வொரு ஃபங்ஷனலையும் (எக்ஸ்-இன் காவிக்கு ஒரு எண்ணைத் தரும் வரம்புள்ள ஏகபரிமாணச் சார்பு) எஃப்-க்குப் போட்டுப் பார்த்தால் வரும் எண் சார்பு அளவிடத்தக்கதாக இருக்க வேண்டும்.

பெட்டிஸ் என்ற கணிதவியலாளர் 1938இல் இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்று துல்லியமாகச் சொன்னார். நலிந்த அளவிடத்தகைமை இருந்து, பூச்சிய அளவையுள்ள தொடையை நீக்கிய பின் எஃப்-இன் பெறுமானங்கள் செப்பரபிளான ஒரு உபவெளிக்குள் அடங்கிவிட்டால் வலிமையான அளவிடத்தகைமை தானாக வரும். மறுதலையும் உண்மை. செப்பரபிள் என்றால் எண்ணத்தக்க அடர்ந்த தொடை ஒன்று உள்ளது என்று பொருள். எக்ஸ் தானே செப்பரபிள் என்றால் இந்தத் தலையிடி இல்லை, நலிந்ததும் வலியதும் ஒன்றுதான்.

இதைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு சார்பு தருகிறேன். கடைசி வரை இதைத் திரும்பத் திரும்ப எடுப்பேன். குளிர்காற்று அடிவாரத்திலிருந்து மெல்ல மேலே நிரம்புகிறது, அதன் மேல் விளிம்பு கூரானது என்று வையுங்கள். டி நேரத்தில் 0 முதல் டி வரையுள்ள இடமெல்லாம் 1, அதற்கு மேலே 0. இதை ‘ஏறும் விளிம்பு’ என்போம்.

எக்ஸ் = எல்-∞ என்று எடுத்தால்: இரண்டு வெவ்வேறு நேரங்களின் பெறுமானங்களைக் கழித்தால், நடுவிலுள்ள துண்டில் 1 மிஞ்சும். அந்தத் துண்டு எவ்வளவு சிறியதானாலும் உச்ச நோர்ம் 1தான். எனவே எல்லாப் பெறுமானங்களும் ஒன்றுக்கொன்று சரியாக 1 தூரத்தில் நிற்கின்றன. எந்தப் பூச்சியத் தொடையை நீக்கினாலும் எண்ணத்தகாத அளவு மிஞ்சும். அவற்றை எண்ணத்தக்க தொடை எதுவும் நெருங்க முடியாது. ஆகவே ஏறும் விளிம்பு எல்-∞-க்குள் வலிமையாக அளவிடத்தக்கதல்ல.

எக்ஸ் = எல்-1 என்று எடுத்தால்: இரண்டு பெறுமானங்களுக்கிடைத் தூரம் அந்த நேரங்களின் வித்தியாசம் மட்டுமே. சார்பு தொடர்ச்சியானது, அளவிடத்தகைமை பற்றிப் பேச்சே தேவையில்லை. எல்-2 என்றால் தூரம் நேர வித்தியாசத்தின் வர்க்கமூலம், அதுவும் தொடர்ச்சிதான்.

‖எஃப்(டி)‖ அளவிடத்தக்கது என்றால் எஃப்-உம் அளவிடத்தக்கதுதானே?

இல்லை. ஏறும் விளிம்பின் எல்-∞ நோர்ம், டி = 0 தவிர்த்து எல்லா நேரத்திலும் 1. அதைவிட நல்ல எண் சார்பு கிடைக்குமா? இன்னும் வேடிக்கை, அது நலிந்தும் அளவிடத்தக்கது. எந்த ஃபங்ஷனலையும் இரண்டு நேர் ஃபங்ஷனல்களின் (மறையற்ற சார்புக்கு மறையற்ற எண்ணே தருபவை) வித்தியாசமாக எழுதலாம். நேர் ஃபங்ஷனல் ஒன்றை ஏறும் விளிம்புக்குப் போட்டால் குறையாது ஏறுகிற எண் சார்பு வரும், அது அளவிடத்தக்கது. எல்லாச் சோதனையிலும் பாஸாகி, உண்மையான ஒன்றில் மட்டும் விழுகிறது. பரீட்சையில் இந்த உதாரணத்தை எழுதுபவர்கள் நேர் ஃபங்ஷனல்களாகப் பிரிக்கும் வரியை விட்டுவிடாதீர்கள், புள்ளி போவது அங்கேதான்.

பொக்னர் தொகையீடு என்பது என்ன?

எளிய சார்புக்குத் தொகையீடு வெளிப்படை: பெறுமானத்தை அந்தப் பகுதியின் அளவையால் பெருக்கிக் கூட்டுங்கள். பொதுவான எஃப்-க்கு, எஃப்-க்கும் எளிய சார்புகளுக்கும் இடையிலான நோர்மின் தொகையீடு பூச்சியத்தை நோக்கிப் போகும்படி ஒரு தொடரியை எடுத்து, அவற்றின் தொகையீடுகளின் எல்லையை எடுப்பது.

இப்படி ஒரு தொடரி எப்போது கிடைக்கும்? எஃப் வலிமையாக அளவிடத்தக்கதாக இருந்து ‖எஃப்‖ இன் தொகையீடு முடிவுள்ளதாக இருந்தால், அப்போது மட்டும்தான். தொகையீட்டின் நோர்ம், நோர்மின் தொகையீட்டைத் தாண்டாது. வரம்புள்ள ஏகபரிமாணச் செயலி எதையும் தொகையீட்டுக்கு உள்ளே கொண்டுபோகலாம். இந்த இரண்டு விதிகளை வைத்தே பாதி வேலை நடந்துவிடும்.

ஏறும் விளிம்பை எல்-1-இல் தொகையிட்டுப் பாருங்கள். ஓரிடத்தை விளிம்பு தாண்டிய பிறகுதான் அங்கே 1. எனவே விடை, ஓரிடத்தில் ‘1 கழித்தல் அந்த இடம்’ என்ற சரிகோடு. எல்-2 நோர்மில் அதன் நீளம் 1/√3, ஏறத்தாழ 0.577. நோர்மின் தொகையீடோ √டி-யின் தொகையீடான 2/3. சமனிலி சரி. ஒரு எச்சரிக்கை: ‘ஓரிடத்தில் பெறுமானம் எடுப்பது’ எல்-1, எல்-2 வெளிகளில் வரம்புள்ள செயலியே அல்ல. அதைத் தொகையீட்டுக்குள் கொண்டுபோனேன் என்று எழுதாதீர்கள். ஒரு சோதனைச் சார்பால் பெருக்கி, ஃபூபினியை (தொகையிடும் வரிசையை மாற்றலாம் என்ற தேற்றம்) வைத்துக் காட்டுங்கள்.

பழைய ஒருங்கல் தேற்றங்கள் எல்லாம் வருமா?

ஆதிக்க ஒருங்கல் தேற்றம் வரும், நிறுவலும் அப்படியே. ஓரியல்பு ஒருங்கல் தேற்றம் வராது. பொது பனாக் வெளியில் பெரியது சிறியது என்ற ஒழுங்கே கிடையாதே.

நோர்மின் தொகையீடு முடிவில்லாமல் போனால், வேறு விதத்திலாவது தொகையிட முடியுமா?

சில வேளை. ஒவ்வொரு ஃபங்ஷனலையும் போட்டு எண்ணாகத் தொகையிட்டு, அந்த எண்களுக்கெல்லாம் பொருந்தும் ஒரு காவி எக்ஸ்-க்குள் இருக்கிறதா என்று தேடலாம். இருந்தால் பெட்டிஸ் தொகையீடு. இல்லாமலும் போகலாம்.

பூச்சியத்தை நோக்கி ஒருங்கும் தொடரிகளின் வெளியான சீ-0-ஐ எடுங்கள். எஃப்(டி)-இன் என்-ஆம் கூறு, டி என்பது 1/என்-ஐத் தாண்டாதபோது என், மற்றபடி 0. டி பூச்சியத்தை விடப் பெரியதாக இருக்கும்வரை முடிவுள்ள எண்ணிக்கைக் கூறுகள்தான் பூச்சியமல்லாதவை, எனவே பெறுமானம் சீ-0-க்குள் இருக்கிறது. ஒவ்வொரு கூறின் தொகையீடும் என் × 1/என் = 1. ஆக விடை (1, 1, 1, …) என்ற தொடரியாக இருக்க வேண்டும். அது சீ-0-இல் இல்லை! எல்லா எண் தொகையீடுகளும் ஒழுங்காக இருந்தும் விடை வெளியை விட்டு வெளியே போய் விழுகிறது. நோர்ம் இங்கே 1/டி போல வளர்வதால் பொக்னர் தொகையீடு ஆரம்பத்திலேயே இதை உள்ளே விடவில்லை.

என் கருத்தில், பட்டப்படிப்புக்குப் பொக்னர் போதும். பெட்டிஸ் தொகையீட்டுக்குள் இறங்கினால் மீள நாளாகும்.

எல்-பி(எக்ஸ்) நிறைவானதா?

ஆம், எக்ஸ் பனாக் என்றால் அதுவும் பனாக். சாதாரண எல்-பி-க்கான நிறுவலில் தனிமதிப்பு வரும் இடமெல்லாம் நோர்மைப் போட்டு வாசியுங்கள்.

எக்ஸ் ஹில்பேட் வெளியும் பி = 2உம் என்றால் உட்பெருக்கத்தைத் தொகையிட்டு எல்-2(எக்ஸ்) ஹில்பேட் வெளியாகும். எக்ஸ் ரிஃப்ளெக்சிவ் (இருமையின் இருமை இயல்பாகவே அதே வெளி) ஆகவும் பி 1க்கும் ∞க்கும் இடையிலும் இருந்தால் எல்-பி(எக்ஸ்)உம் ரிஃப்ளெக்சிவ்.

எளிய சார்புகள் அடர்ந்து கிடக்கின்றனவா?

பி முடிவுள்ளது என்றால் ஆம். பி = ∞, எக்ஸ் முடிவில்லாப் பரிமாணம் என்றால் இல்லை. [0, 1]ஐ எண்ணத்தக்க துண்டுகளாக வெட்டி, என்-ஆம் துண்டில் என்-ஆம் அலகுக் காவியைப் பெறுமானமாக வையுங்கள். முடிவுள்ள எண்ணிக்கையான பெறுமானங்கள் கொண்ட எந்தச் சார்பும் இதற்கு அருகே வர முடியாது. எண்ணத்தக்க பெறுமானங்களுக்கு இடம் கொடுத்தால் பிரச்சினை தீரும்.

எல்-பி(எல்-பி) என்பது சதுரத்தின் மேலான எல்-பி-தானா?

பி முடிவுள்ளது, உள்ளும் புறமும் ஒரே பி என்றால் ஆம், ஃபூபினி தருகிறார். மேலே ‘சில வேளை முடிந்துவிடும்’ என்றது இதைத்தான். உள்ளும் புறமும் வேறு அடுக்குகள் என்றால் கலப்பு நோர்ம் வெளி, அதில் வரிசை முக்கியம். பெரிய அடுக்கை உள்ளே வைத்தால் நோர்ம் கூடும் அல்லது சமமாகும் என்பது மின்கோவ்ஸ்கியின் தொகையீட்டுச் சமனிலி. மேலே துகள் பனிக் கணக்கில் இரண்டாம் இரவைப் பாருங்கள்: உள்ளே உச்சம், வெளியே எல்-1 என்றபோது 10.  நேரத்தில் முதலில் தொகையிட்டுப் பிறகு இடத்தில் உச்சம் எடுத்தால் 10, இங்கே சமம். பள்ளம் நேரத்தோடு நகராததால் அப்படி.

பி = ∞இல் சமன் உடைகிறது. சதுரத்தின் கீழ் முக்கோணத்தில் 1, மேலே 0 என்ற சார்பு சதுரத்தின் எல்-∞-இல் சாதாரணமான ஆள். அதை நேரத்தின் சார்பாக வாசித்தால் நம் ஏறும் விளிம்பு. எல்-∞(எல்-∞)-இல் அதற்கு இடமில்லை.

இருமை வெளி எல்-கியூ(எக்ஸ்-இன் இருமை) என்று எழுதலாமா?

கேட்காமலே எழுதுபவர்கள்தான் அதிகம். பி 1 அல்லது அதற்கு மேல், ஆனால் முடிவுள்ளது, 1/பி + 1/கியூ = 1 என்றால் எல்-கியூ(எக்ஸ்-இன் இருமை) எப்போதும் இருமை வெளிக்குள் உட்காரும். முழுவதையும் நிரப்புமா என்பது, எக்ஸ்-இன் இருமை வெளிக்கு ரேடன்–நிக்கோடிம் குணம் இருக்கிறதா என்பதோடு சரியாக ஒத்துப்போகும் கேள்வி.

அந்தக் குணம் என்ன? பல வடிவங்கள் உண்டு, எனக்குப் பிடித்தது இது: [0, 1]இலிருந்து அந்த வெளிக்குப் போகும் ஒவ்வொரு லிப்சிட்ஸ் சார்பும் (பெறுமானங்களின் தூரம், நேர வித்தியாசத்தின் ஒரு மாறிலி மடங்கைத் தாண்டாதது) ஏறத்தாழ எங்கும், அதாவது பூச்சிய அளவையுள்ள ஒரு தொடைக்கு வெளியே, வகையிடத்தக்கது. ரிஃப்ளெக்சிவ் வெளிகளுக்கு இக்குணம் உண்டு. செப்பரபிளான இருமை வெளிகளுக்கும் உண்டு, எனவே தனித்தொகை முடிவுள்ள தொடரிகளின் வெளியான சின்ன எல்-1க்கு உண்டு. சீ-0க்கு இல்லை. [0, 1] மேலான எல்-1க்கும் இல்லை.

கடைசியைக் காட்ட ஏறும் விளிம்பே போதும். எல்-1-இல் அது லிப்சிட்ஸ். அதன் வித்தியாச விகிதம் எச் நீளமுள்ள துண்டில் 1/எச் உயரமான ஒரு தூண். எச் சுருங்கச் சுருங்கத் தூண் ஒல்லியாகி உயர்கிறது, பரப்பு மட்டும் 1 மாறாமல் நிற்கிறது. எல்-1-இல் அது எங்கேயும் ஒருங்காது. ஒரு புள்ளியில்கூட வகையீடு கிடையாது.

இருமை தவறும் இடத்தையும் அதே சார்பு காட்டும். எக்ஸ் = எல்-1, அதன் இருமை எல்-∞. எல்-2(எல்-1)-இலுள்ள ஒரு சார்பை எடுத்து, கீழ் முக்கோணத்தின் மேல் மட்டும் தொகையிட்டால் ஒரு எண் வரும். இது வரம்புள்ள ஃபங்ஷனல். இதை எல்-2(எல்-∞)-இலுள்ள ஏதாவது பிரதிநிதித்துவப்படுத்தினால், அது ஏறத்தாழ எங்கும் ஏறும் விளிம்பாகவே இருந்தாக வேண்டும். ஏறும் விளிம்போ அங்கே அளவிடத்தக்கதே அல்ல. ஆகவே இருமை வெளி எல்-2(எல்-∞)-ஐ விடப் பெரியது.

எண் சார்புகளுக்கு எல்-பி-இல் வரம்புள்ள செயலி, எல்-பி(எக்ஸ்)-இலும் வரம்புள்ளதா?

மறையற்ற சார்பை மறையற்ற சார்புக்கே அனுப்பும் செயலி என்றால் ஆம், நோர்ம்கூட மாறாது. சராசரி எடுப்பது, நிபந்தனை எதிர்பார்ப்பு எல்லாம் இந்த வகை. மற்றவற்றுக்கு எக்ஸ்-இன் வடிவம் தலையிடும். ஹில்பேட் உருமாற்றம் எல்-பி(எக்ஸ்)-இல் வரம்புள்ளதாக இருப்பது (பி 1க்கும் ∞க்கும் இடையில்) எக்ஸ் யூஎம்டி (மார்ட்டிங்கேல் வித்தியாசங்களின் நிபந்தனையற்ற ஒருங்கல்) குணமுள்ள வெளியாக இருக்கும்போதும் அப்போது மட்டும்தான். ஒரு பக்கத்தை பேர்க்ஹோல்டரும் மறுபக்கத்தை பூர்கேனும் 1983இல் தந்தார்கள். ஃபூரியர் உருமாற்றம் இன்னும் கண்டிப்பு: எல்-2(எக்ஸ்)-இல் அது வரம்புள்ளதானால் எக்ஸ் ஒரு ஹில்பேட் வெளிக்குச் சமவுருவானதாகவே இருக்க வேண்டும், குவாபியென் 1972இல் நிறுவியது. ஃபூரியர் செய்யும் ஒரு கணக்கு, வெளியின் வடிவத்தையே காட்டிக்கொடுப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

வகையீட்டுச் சமன்பாடுகளில் இதைக் கொண்டு என்ன செய்கிறார்கள்?

வெப்பச் சமன்பாட்டின் நலிந்த தீர்வை எல்-2(வி)-இல் தேடுவார்கள். வி என்பது இடத்தில் ஒரு பெறுதியும் எல்-2-இல் இருந்து, எல்லையில் பூச்சியமாகும் சார்புகளின் வெளி. நேரப் பெறுதி வி-இன் இருமையில் மட்டும் இருக்கும், எனவே அது எல்-2(வி-இன் இருமை)-இல். நடுவில் எச் = எல்-2.

உடனே ஒரு கேள்வி எழும்: எல்-2(வி)-இன் உறுப்பு பூச்சியத் தொடையில் மாறினாலும் ஒன்றுதான் என்றோம், அப்படியானால் டி = 0இல் ஆரம்ப வெப்பநிலை இன்னது என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? மேற்சொன்ன இரண்டும் சேர்ந்தால், அந்தச் சார்பு எச்-க்குள் தொடர்ச்சியான சார்பு ஒன்றோடு ஏறத்தாழ எங்கும் ஒத்துப்போகும் என்று ஒரு தேற்றம் உண்டு. ஆரம்ப நிலை அதன் மேல்தான் நிற்கிறது. வி, எச்-க்குள் கொம்பெக்டாக அடங்கினால், இப்படி வரம்புள்ள சார்புத் தொடரியிலிருந்து எல்-2(எச்)-இல் ஒருங்கும் உபதொடரியும் எடுக்கலாம். அது ஓபான்–லியோன்ஸ் தேற்றம், நேர்கோடல்லாத சமன்பாடுகளுக்கு அதுதான் ஆயுதம்.

முழுவதையும் சோதித்துப் பார்க்க ஒரு பயிற்சி தருவீர்களா?

எஃப்(டி) = (டி, டி², டி³, …), டி 0 முதல் 1 வரை, 1 சேராது. இதைச் சின்ன எல்-பி வெளிகளில் போட்டுப் பாருங்கள்.

சீ-0 என்றால் நோர்ம் டி. தொகையீடு (1/2, 1/3, 1/4, …), ஒரு சிக்கலும் இல்லை. சின்ன எல்-1 என்றால் நோர்ம் டி/(1 − டி), தொகையீடு முடிவில்லாமல் போகிறது. 1/2 + 1/3 + 1/4 + … விரிவதால் விடையும் அந்த வெளியில் இருக்க முடியாது. சின்ன எல்-2 என்றால் நோர்ம் டி/√(1 − டி²), அதன் தொகையீடு சரியாக 1. பொக்னர் தொகையீடு உண்டு, அதன் நோர்ம் π²/6 − 1 இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 0.803. ஒன்றைத் தாண்டவில்லை. ஆனால் நோர்மை வர்க்கித்தால் 1க்கு அருகில் தொகையீடு வெடிக்கிறது. எனவே எஃப் என்பது எல்-1(சின்ன எல்-2)-இல் உண்டு, எல்-2(சின்ன எல்-2)-இல் இல்லை.

பொதுவாக வெளியே கியூ, உள்ளே பி, இரண்டும் முடிவுள்ளவை என்று வையுங்கள். 1க்கு அருகே நோர்மின் கியூ-ஆம் அடுக்கு, (1 − டி)-இன் −கியூ/பி-ஆம் அடுக்கைப் போல வளரும். கியூ, பி-ஐ விடச் சிறியதாக இருந்தால் மட்டும் எஃப் உள்ளே வரும்.